அவன் கட்டில்

நவோதயாவில் படித்தவர்கள் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதல் கேள்வி "எந்த ஹவுஸ்?" என்பதுதான். நாட்டின் எந்த மூலையில் படித்திருந்தாலும் அதற்கு நான்கே விடைகள்: ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி. அடுத்த கேள்வி, "மைக்ரேஷன் போனீங்களா?" அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பொழுது போதாது.

நான் போனேன். வடக்கே, கடுகு விளையும் ஊர். அங்கேயும் நீலகிரி ஹவுஸ்தான் கிடைத்தது. "உங்க ஊர் மலைதானே, எப்படி இருக்கும்?" என்று பையன்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். பாகூர் ஏரியும் நெல்வயலும் பார்த்து வளர்ந்தவன் நான். மலை எதையும் அதுவரை பார்த்ததில்லை.

1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பரவிய உறைவிடப் பள்ளிகள் நவோதயாக்கள். மாவட்டத்துக்கு ஒன்று, நுழைவுத் தேர்வு எழுதி ஆறாம் வகுப்பில் சேர வேண்டும், நான்கில் மூன்று பங்கு இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் இந்தி பேசும் பகுதியில் ஒரு பள்ளியும், பேசாத பகுதியில் ஒரு பள்ளியும் அந்த வகுப்பில் 30 விழுக்காட்டுப் பிள்ளைகளை ஓராண்டுக்கு மாற்றிக்கொள்ளும். அதுதான் மைக்ரேஷன். மாற்றிக்கொள்வதால், போகிறவனும் வருகிறவனும் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது. நான் வடக்கே படுத்த கட்டிலுக்குச் சொந்தக்காரன் அந்த ஆண்டு முழுக்கப் புதுச்சேரி காலாப்பட்டில், எங்கள் கடலோரப் பள்ளியில் இருந்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலில் எழுதி வைத்திருந்த இந்தியக் கிரிக்கெட் அணி. முதலில் இறங்கும் ஆட்டக்காரர் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரை எழுதியிருந்தான்.

டிசம்பரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது. காலையில் வெயில் படும் ஜன்னலில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். எங்களைப் பார்த்துக் கடுகெண்ணெய் தேய்த்தவர்கள் சிரிப்பார்கள். அந்தக் குளிரில் அடிபம்பில் வந்த தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மண்ணுக்கு அடியில் இருப்பதால் அப்படி என்று பக்கத்துக் கட்டில்காரன் சொல்லிக்கொடுத்தான். ராத்திரி சப்பாத்தி, மதியம் கொஞ்சம் சோறு. தயிரில் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டார்கள். உப்பு கேட்ட எங்களை மெஸ் அண்ணன் வினோதமாகப் பார்ப்பார்.

எல்லாம் இனிப்பாக இல்லை. "மதராசி" என்று கூப்பிட்டு அடிதடி வரை போனது. எங்களோடு வந்தவர்களில் ஒருவன் அரையாண்டு வரை அழுதுகொண்டே இருந்தான். பதினாலு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவது சின்ன காரியம் இல்லை. அனுப்ப மாட்டேன் என்று நிற்கும் பெற்றோர்மேல் எனக்குக் கோபமே வராது.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வருவார்கள். மரத்தடிகளில் துணி விரித்து, தூக்குவாளி திறந்து, பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். எங்களைப் பார்க்க யார் வருவார்? நாங்கள் ஹவுஸுக்குள்ளேயே கிடப்போம். என் கட்டிலுக்குச் சொந்தக்காரனின் தங்கை அங்கே ஏழாம் வகுப்பில் இருந்தாள். அவளைப் பார்க்க வந்த அம்மா, "என் பையன் இடத்துக்கு வந்தவன் எவன்?" என்று கேட்டு ஆள் விட்டார். நெய்யும் கோதுமை மாவும் பிசினும் சேர்த்துப் பிடித்த உருண்டைகளைக் கையில் வைத்தார். பெயர் கேட்டார். சொன்னேன். முழுப்பெயர் என்ன என்றார். அந்தப் பக்கத்தில் பெயரின் பின்பாதிதான் ஆளைச் சொல்லும். எனக்கு இருந்தது ஓர் இனிஷியல். அது அப்பா பெயரின் முதலெழுத்து என்று தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொரு உருண்டையை எடுத்து வைத்தார்.

எங்கள் கிராமத்தில் நான் எந்தத் தெரு என்பது கேட்காமலே எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில் எந்த டம்ளர் என்பதுவரை அது முடிவு செய்யும். வடக்கே ஒரு வருஷம் எனக்குத் தெரு இல்லை. மதராசி என்ற வசவு வலித்தது உண்மை. ஆனால் அது சண்டை போட்டுத் தீர்க்கக்கூடிய வலி. அங்கேயும் அவரவர் தெரு அவரவருக்கு இருந்தது, பெயரின் பின்பாதியில். தூரத்திலிருந்து வந்தவனிடம் மட்டும் அது செல்லுபடியாகவில்லை.

இன்லேண்ட் லெட்டரில் அந்த அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன். அடுத்த பெற்றோர் ஞாயிறன்று என் அம்மா அவர் பையனைப் பார்க்க இரண்டு பஸ் மாறி காலாப்பட்டுக்குப் போயிருக்கிறாள். அண்ணன் கையெழுத்தில் பதில் வந்தது: "பிள்ளை இளைச்சுப் போயிருக்கான். சாம்பார் பிடிக்கலையாம். மீன் வாசனைக்கு மூக்கைப் பிடிக்கிறான். கடலைப் பார்த்துக்கிட்டே இருக்கான்." எனக்கு ஏனோ பொறாமையாக இருந்தது.

பிள்ளைகளை இப்படி அனுப்பிப் பார்த்தவர்கள் வேறு இடத்திலும் உண்டு. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையின் காயம்பட்டவர்களைச் சுமந்த அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டிகளின் அமைப்பு ஏ.எஃப்.எஸ். இரண்டாம் போரிலும் அதே வேலையைப் பார்த்து முடித்தவர்கள், 1947-இலிருந்து பள்ளி மாணவர்களை வேற்று நாட்டு வீடுகளில் தங்கிப் படிக்க வைக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் அதைப் படித்தபோது அந்த அம்மாவின் உருண்டைதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளை மூன்று நாள் கலைவிழாவுக்கு அழைத்துப் போய் ஆட வைத்துத் திருப்பி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காய்ச்சலில் படுக்க வேண்டும், அங்கே தேர்வு எழுத வேண்டும், ஒருவனோடு பேசாமல் இருந்து மறுபடி பேச வேண்டும். அதற்கெல்லாம் நாள் பிடிக்கும்.

இந்தியும் கற்பிக்கும் பள்ளி என்பதால் தமிழ்நாட்டில் நவோதயா இல்லை. இருமொழிக் கொள்கையின் நியாயம் எனக்குப் புரியும். அதோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய செய்தியைப் படித்த இரவு, எனக்கு அந்தக் கட்டில் நினைவு வந்தது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதிக் கயிறு கூடாது என்பதுபோல நல்ல பரிந்துரைகள் பல. கயிற்றை அறுப்பதோடு பிள்ளையைக் கொஞ்ச காலம் தெருவிலிருந்தும் எடுத்தால் என்ன? இந்தி வேண்டாம், ரயிலில் இரண்டு நாள் வேண்டாம். தருமபுரிப் பிள்ளை ஒரு பருவம் தூத்துக்குடியில் படிக்கட்டும், அங்கிருந்து ஒருவர் தருமபுரிக்கு வரட்டும். மாவட்டந்தோறும் அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன, விடுதியோடு. செய்வதானால் ஒன்பதாம் வகுப்பிலேயே செய்ய வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை எந்த வீடும் அனுப்பாது.