விட்ட இடத்திலிருந்து

தாராவியில் எங்கள் வீடு விடியுமுன் விழித்துவிடும். அம்மா இட்டிலி அவிப்பாள். அப்பா தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பார். கல்லூரியில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆயினும், செய்முறைத் தேர்வுக்குக் கணினி விளையாட்டு ஒன்று எழுதவேண்டி வந்தபோது, மனம் அந்த அடுப்படிக்கே போயிற்று.

பத்து நொடிக்கொருமுறை கொப்பரை திறக்க வேண்டும். யூனிட்டியில், 'பத்து நொடி ஆகும்வரை சுற்று' என்று வெறும் வளையம் எழுதினேன். திரை கல்லாய்ச் சமைந்தது! வளையம் முடியாமல் அடுத்த பிரேம் பிறக்காது. பிரேம் பிறக்காமல் விளையாட்டின் கடிகாரம் நகராது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏல, அடுப்பு முன்னாலயே நின்னுக்கிட்டிருந்தா சட்டினிய யாரு அரைப்பா?"

அதுதானே கோரூட்டீன்! 1958-இல் மெல்வின் கான்வே பெயரிட்ட உத்தி. 'யீல்டு' என்றதும் வேலை பாதியில் நின்று மற்றவற்றுக்கு வழிவிடும். நேரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தொல்லைகளும் உண்டு. குறித்த நேரம் கடந்தபின் வரும் பிரேமில்தான் அது விழிக்கும். நொடிக்கு 60 பிரேம் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் நொடியில் அறுபதில் ஒரு பங்குவரை பிந்தும். பிந்தியது சேர்ந்துகொண்டே போகும். ஆகவே அடுத்த வேளையைத் தொடக்க நேரத்திலிருந்தே கணக்கிட்டேன். கொப்பரையைச் செயலிழக்கச் செய்து மறைத்தால் அதன் கோரூட்டீனும் மாண்டுபோகும். மீண்டும் காட்டினாலும் தானாய் எழாது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் போயின.

தேர்வன்று பேராசிரியர், "இந்த அடுப்பை எங்கே பார்த்தாய்?" என்றார்.

"எங்கள் வீட்டில்" என்றேன்.