அரசு வக்கீலை நாம் கேட்டுப் பெறலாமா?

"கோர்ட் படி ஏறாதே" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். முப்பது வருடம் கோர்ட்டில் எழுத்தராகக் குப்பை கொட்டிய எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். மறு பாதியை யோசிக்க வைத்தது கோகுல்ராஜ் வழக்கு.

சேலம், நாமக்கல் வாசகர்களுக்கு விவரம் தெரிந்திருக்கும். கோகுல்ராஜ் ஓமலூரைச் சேர்ந்த பட்டியலின இளைஞர். பொறியியல் படித்தவர், வயது 21. 2015 ஜூன் 23 அன்று, வேறு சாதியைச் சேர்ந்த கல்லூரித் தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று நம்ப வைக்க ஒரு கடிதமும் இருந்தது.

கொலை வழக்கை நடத்துவது அரசாங்கம். பெற்ற தாய் அதில் ஒரு சாட்சி மட்டுமே. அரசு வக்கீல் எதைக் கேட்கிறார், எதை விடுகிறார் என்பதில் அவருக்குப் பேச்சே கிடையாது. நாமக்கல்லில் விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள். முதலில் சொன்னதை இல்லை என்று மறுத்தார்கள். கூட இருந்த தோழியும் அப்படியே. இந்த இடத்தோடு படுத்துவிட்ட வழக்குக் கட்டுகள் எத்தனையோ என் கையால் ரிக்கார்டு அறைக்குப் போயிருக்கின்றன.

ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995-ல் போட்ட விதிகளில் 4(5) என்று ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், அனுபவமுள்ள வக்கீல் ஒருவரை அரசே கட்டணம் கொடுத்து அமர்த்தலாம். பல வருடம் சட்டப் புத்தகங்களோடு இருந்த எங்களிலேயே பாதிப்பேருக்கு இது தெரியாது. அந்தத் தாய் விடவில்லை. தமக்கு நம்பிக்கையான வக்கீல் வேண்டும் என்றார், வழக்கை வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்றார். பவானி வழக்கறிஞர் ப.பா.மோகன் அரசுத் தரப்புச் சிறப்பு வழக்கறிஞரானார். வழக்கு மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனது. ஓமலூரிலிருந்து மதுரை ஐந்து மணி நேரப் பயணம்.

மனிதச் சாட்சி போன பிறகு மிஞ்சியவை கோயில் கேமராப் பதிவு போன்ற சந்தர்ப்ப சாட்சியங்கள்தான். ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி போச்சு. அதைக் கோத்து முடித்தார்கள். 2022 மார்ச் 5 அன்று யுவராஜ் உட்பட 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 5 பேர் விடுதலை. மேல்முறையீட்டின்போது, 2023 ஜனவரியில், உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கே போய்க் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். என் சர்வீஸில் நான் கேள்விப்படாத சங்கதி அது. ஜூன் 2 அன்று யுவராஜின் ஆயுள் தண்டனை உறுதியானது.

அதே திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், புதுப்பாளையத்தில், 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கியவர் ராஜாஜி. ஒத்துழையாமை காலத்திலேயே வக்கீல் தொழிலை விட்டவர். ஆனாலும், சாமி கும்பிடத் திருச்சானூர் கோயிலுக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட பக்தர் ஒருவருக்காக, காசு வாங்காமல் கோர்ட்டில் நின்று விடுதலை வாங்கித் தந்தார். அன்று சட்டமே அந்த மனிதருக்கு எதிராக இருந்தது. இன்று சட்டம் நம் பக்கம். ஆனால் அன்றும் இன்றும், எழுந்து நின்று பேச ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறார்.

அந்த ஆளைக் கேட்டுப் பெறும் உரிமை விதியில் இருக்கிறது. கலெக்டரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் படிப்பவர்கள், தேவைப்படும் ஒரு குடும்பத்தின் காதில் போட்டு வையுங்கள்.