அடிக்கு ஓர் அரணம்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மலையேறும் காலணியைப் பற்றி ஒரு கட்டுரையா என வியப்போர் இருக்கலாம். எண்ணிப் பார்ப்பின் வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. மரத்தின் வேர்ப்புறமும் அடி. நிலத்தின் அளவும் அடி. பாட்டின் அளவும் அடி. இத்துணைப் பொருளை ஒரு சொல்லில் ஏற்றிவைத்த நம் முன்னோர், அடியைக் காப்பதற்கும் வழி கண்டிருந்தனர். மலையில் விளைவனவும் கடலில் விளைவனவுமாகிய அரும்பொருள்களைக் கொண்டு நெடுவழி நடந்த வணிகர், தம் பாதத்தை மூடும் அரணம் பூண்டிருந்தனர் என்னும் செய்தி பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. அரணம் என்பது காவல். காலுக்கு அணிவதை அழகுப்பொருளாகக் கருதாது காவற்பொருளாகக் கருதிய அந்நோக்கே மலைவழி செல்வோர்க்கு இன்றும் வேண்டப்படுவது.

பாலாற்றங்கரை ஊர்களுக்கும் தோலுக்கும் உள்ள உறவு இம்மலரைப் படிக்கும் பெரியோர் அறியாததன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிட்ட தோலும் தைத்த காலணியும் கப்பலேறி அயல்நாட்டுச் சந்தைகளை அடைகின்றன. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் பலர், அத்தொழிற்கூடங்களில் தோல் வெட்டுவோர், அப்பர் தைப்போர், சோல் ஒட்டுவோர் ஆகியோரின் மக்கள். அவர்களை ஆண்டுக்கொருமுறை ஒரு மலைக்கு அழைத்துச் செல்வது நமது வழக்கம். குறிஞ்சித் திணையைக் கரும்பலகையில் மட்டும் கற்பித்தல் போதாது என்பது நமது துணிபு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்ற வழித்தடங்களைப் பதிவு முறையில் திறந்துவைத்த பின்னர், உரிய இசைவும் வழிகாட்டியும் பெற்றுச் செல்வது முன்னினும் எளிதாகியுள்ளது. வழி திறந்தது, அவ்வழியில் நடக்கத்தக்க காலணி நம் மாணவரிடம் உண்டா என்பதே வினா.

ஒருமுறை மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடு ஒன்றில், நண்பகல் மழை ஓய்ந்தபின் இறங்கிக்கொண்டிருந்தோம். இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் அணிந்திருந்த புதிய பூட்ஸின் சோல் முன்புறத்தில் வாய் பிளந்தது. 'நீர் புகாது' என்று பெட்டியின்மேல் அச்சிட்டு விற்கப்பட்ட காலணி அது. சில எட்டுகளுக்குள் பாசி படர்ந்த பாறையில் அவர் சறுக்கி விழுந்தார், கணுக்கால் பிசகியது. இரு கழிகளிடையே போர்வையைக் கட்டி, முறை மாற்றி அவரைச் சுமந்து இறங்கினோம். இரண்டு மணி நேர வழியைக் கடக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. அடிவாரத்தை அடைவதற்குள் இருட்டிவிட்டது. யானை நடமாட்டமுள்ள காடு அது. மலையில் ஒருவரது காலணி அவர் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று; உடன் வருவோர் அனைவரின் நலமும் அதில் அடங்கியுள்ளது என்பதை அன்று யாவரும் உணர்ந்தனர்.

மறுவாரம் அம்மாணவரின் தாயார் கல்லூரிக்கு வந்தார். காலணித் தொழிற்கூடம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக அப்பர் தைப்பவர் அவர். மகனுக்கு நேர்ந்ததைப் பற்றிக் குறைகூற வந்திருப்பார் என நினைத்தோம். அவரோ பையிலிருந்து அந்தக் காலணியை எடுத்து மேசையின்மேல் வைத்தார். "ஐயா, இது நல்ல தோலே இல்லீங்க. ஸ்பிளிட் தோலு மேலே பூச்சுப் பூசியிருக்காங்க. சோலை வெறும் பசையிலே ஒட்டியிருக்காங்க, ஒரு தையல்கூட இல்லை. பையன் பளபளப்பைப் பார்த்து வாங்கிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். தொலைதூர நாட்டார் பனியிலும் மழையிலும் அணியும் காலணியைத் தைக்கும் கைகள் அவருடையவை. அவர் மகனுக்குக் கிட்டியதோ இது. அரைமணி நேரம் அவர் நமக்குப் பாடம் நடத்தினார். ஈண்டு நாம் எழுதுவனவற்றுள் பெரும்பகுதி அவர் கற்பித்தது. எஞ்சியது நாம் தேடிப் படித்தது.

முதலில் நோக்கத்தக்கது மேற்பகுதி. விலங்குத் தோலின் மயிர்ப்புறத்தை ஒட்டிய மேலடுக்கில் இழைகள் மிக நெருங்கிப் பின்னியிருக்கும். கீழே செல்லச் செல்ல அவை தளர்ந்திருக்கும். மேலடுக்கு நீக்கப்படாத முழுத்தோல் நீரை நெடுநேரம் தடுத்து நிற்கும். கீழடுக்கைப் பிளந்தெடுத்துப் பூச்சேற்றியதும் கண்ணுக்கு அதுபோலவே தோன்றும். ஆயின் மடியும் இடத்தில் பூச்சு வெடித்த நாள்முதல் அது நீரை உறிஞ்சும். கால்விரல் மடியும் இடத்தில் காலணியை வளைத்துப் பார்த்தால், முழுத்தோலில் நுண்சுருக்கங்கள் பரவி விழுவதும் பூச்சுத்தோல் தகடுபோல் மடிவதும் பெரும்பாலும் புலப்படும். துண்டுகள் குறையின் தையல் குறையும். தையல் குறையின் நீர் நுழையும் துளைகளும் குறையும். நாக்கு எனப்படும் நடுமடல் இருபுறமும் மேற்பகுதியோடு இணைத்துத் தைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் ஓடையில் ஓர் அடி வைத்த மாத்திரத்தில் நீர் உட்புகும்.

அடுத்தது நீர்காக்கும் மென்படலம். 1969ஆம் ஆண்டு அமெரிக்கரான பாப் கோர், பி.டி.எஃப்.இ. என்னும் வேதிப்பொருளைச் சூடாக்கி வெடுக்கென இழுத்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த பொருளாக விரிவதைக் கண்டார். அதனின்று பிறந்ததே கோர்-டெக்ஸ் படலம். நீர்த்துளி நுழைய இயலாத அத்துளைகள் வழியே வியர்வையின் ஆவி வெளியேறும். ஆயினும் இப்படலத்தின் எல்லையையும் அறிதல் நன்று. காலணியின் புறத்தே தோலோ துணியோ நனைந்து ஊறிவிடின் ஆவி வெளியேறும் வழி அடைபடும். புறக்காற்று வெம்மையும் ஈரமும் மிக்கதாயின் ஆவி வெளியேறும் வேகமும் குறையும். கணுக்காலுக்கு மேல் நீர் ஏறி உள்ளே வழிந்துவிட்டால், வெளிநீரைத் தடுத்த அதே படலம் உள்நீரையும் வெளியேவிடாது. நீர் புகாத காலணி, புகுந்த நீரை எளிதில் விடாத காலணியுமாகும்.

மூன்றாவது அடித்தட்டு. 1935ஆம் ஆண்டு இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் புன்டா ரசிகா என்னும் சிகரத்தில் கடும்பனியில் சிக்கி ஆறு மலையேறிகள் மாண்டனர். அத்துயருக்குப் பொருந்தாக் காலணியும் ஒரு காரணம் எனக் கருதிய மலையேறி விட்டாலே பிரமானி, ஆழ்ந்த பள்ளங்கள் அமைந்த ரப்பர் சோலை 1937இல் உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகள் கூடி அமைந்ததே விப்ரம் என்னும் பெயர். 1954இல் இத்தாலியர் கே2 சிகரத்தின் உச்சியை முதன்முதலாக எட்டியபோது அவர்தம் காலடியில் இருந்தது அவ்வகைச் சோலே. ஆறு உயிர்களின் இழப்பில் பிறந்த அறிவு அது. சோலின் பள்ளங்கள் ஆழமாகவும் சேறு தங்காதவாறு இடைவிட்டும் அமைதல் வேண்டும். குதிகாலின் முன்விளிம்பு படிபோல் நிற்றல் வேண்டும். இறக்கத்தில் நம்மைத் தாங்குவது அவ்விளிம்பே.

சோலுக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட மெத்தை பாலியூரித்தேனால் ஆயின் நெடுநாள் அமுங்காது உழைக்கும். ஆனால் காற்றின் ஈரத்தால் அது ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளூரச் சிதையும். அலமாரியில் ஐந்தாறு ஆண்டுகள் புதிதுபோல் கிடந்த காலணியின் சோல் மலையேறிய முதல் நாளே உதிர்ந்துவிழுவது இதனாலேயே. அணியாது காத்தால் காலணி நிலைக்கும் என்பது தவறான எண்ணம்.

இவையனைத்தும் இருப்பினும், செல்லும் வழியே காலணியைத் தீர்மானிக்கும். கோடையில் ஏலகிரி, ஜவ்வாது ஆகிய வறண்ட மலைகளில் ஏறுவார்க்குக் கனத்த நீர்காப்புக் காலணி சுமையே. காற்றோட்டமும் பிடிப்பும் உள்ள இலகுவான காலணி போதும். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் செல்வார்க்கோ கணுக்காலை மூடும் நீர்காப்புக் காலணியும், அட்டை ஏறாதபடி முழங்கால்வரை இழுத்துக் கட்டும் துணியுறையும் வேண்டும். ஜவ்வாது மலைவாழ் மக்கள் ரப்பர் செருப்போடு தலைச்சுமை ஏந்தி ஏறுவதைக் கண்டு, இத்துணை ஆராய்ச்சி எதற்கு எனக் கேட்ட மாணவரும் உண்டு. அவர்தம் பாதம் பிள்ளைப்பருவம் முதல் அப்பாறைகளை அறியும்; நம் பாதம் சிமெண்டுத் தரையை மட்டுமே அறியும்.

நம் ஃபிக்ஹு நூல்கள் குஃப்பு எனப்படும் தோற்காலுறையைப் பற்றிப் பேசுமிடம் ஈண்டு நினைக்கத்தக்கது. உளூவுடன் அதனை அணிந்த பயணி மூன்று பகலும் மூன்று இரவும் கழற்றாமல் அதன்மேல் மஸ்ஹு செய்துகொள்ளச் சலுகை பெறுகிறார். அதற்கு அறிஞர் வகுத்த நிபந்தனைகளுள், அது கணுக்கால்களை மறைக்க வேண்டும். அணிந்து நெடுவழி நடக்கத்தக்க உறுதி வேண்டும். நீர் எளிதில் உட்புகாதிருக்க வேண்டும் என்பன அடங்கும். மலைக்காலணியை ஆராய்வோர் இன்று முன்வைக்கும் தகுதிகளும் இவையே என்பது எண்ணுதற்கு இனிது.

இனி, அளவு. இதிற் பிழைப்பின் ஏனைய சிறப்புகளால் பயனில்லை. பகலெல்லாம் நடந்த பாதம் மாலையில் சற்றுப் பருத்திருக்குமாதலின் மாலையிலேயே காலணி வாங்குதல் வேண்டும். மலையில் அணியும் கனத்த காலுறையை அணிந்தே அளவு பார்த்தல் வேண்டும். நாடா கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். கட்டியபின் சரிவில் இறங்கிப் பார்த்தால் கால்விரல் முன்னே இடித்தலாகாது; ஏறும்போது குதிகால் மேலெழும்பலாகாது. இரு பாதங்களும் ஒரே அளவினவாய் இருப்பது அரிது. பெரிய பாதத்திற்கே வாங்குதல் முறை. வாங்கியபின் இரண்டு மூன்று வாரம் ஊருக்குள் அணிந்து பழகிய பின்னரே மலைக்கு அணிதல் வேண்டும்.

அளவைப் பற்றி மற்றொன்று. நாம் அணியும் காலணிகள் நெடுங்காலமாக அயல்நாட்டு அளவுகளின்படி அமைந்தவை. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியரின் பாதங்களை அளந்து ஆராய்ந்தது. நம்மவர் பாதம் பொதுவாக அகன்றது என அவ்வாய்வு கண்டதும், 'பா' என்னும் பெயரில் இந்தியர்க்கென ஓர் அளவுமுறை முன்மொழியப்பட்டதும் 2024இல் செய்தியாக வெளிவந்தன. பாவையும் அடியையும் அளந்து பழகிய துறையினராகிய நமக்கு இது உவகை தரும் செய்தி. நீளம் பொருந்தியும் பக்கம் இறுக்கி, சிறுவிரல் கொப்புளம் கண்ட மாணவர் எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோம்.

நீடித்து உழைக்கும் காலணிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சோல் தேய்ந்தால் பிரித்து மாற்றத்தக்கவாறு தைக்கப்பட்ட காலணியை, நனைந்தபின் தீயருகே வைக்காது, செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்தி, மெழுகிட்டுப் பேணினால் பல்லாண்டு உழைக்கும். ஓராண்டில் எறியப்படும் மூன்று காலணிகளுக்கு மூன்று மடங்கு தோலும் மூன்று மடங்கு கழிவுநீரும் வேண்டும். அக்கழிவுநீர் பாலாற்றுக்கு இழைத்த கேட்டினை 1996ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு நாடறியச் செய்தது. கால் நலமும் ஆற்றின் நலமும் இங்கே ஒன்றுபடுகின்றன.

மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது இதுவே: விலையையும் பெயரையும் பளபளப்பையும் பாராதீர், வழியையும் பாதத்தையும் பாருங்கள். ஐயமுண்டாயின் உங்கள் இல்லத்திலேயே கேளுங்கள். காலணியைப் பற்றி உங்கள் தாய் தந்தையர் அறிந்தது எந்தக் கடைக்காரரும் அறியாதது.

இச்சமுதாயத்தின் பெரியோர்க்கும் தொழில் நடத்தும் செல்வர்க்கும் ஒரு வேண்டுகோள். கல்விக்கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் கொடுத்து உதவும் கைகள் உங்களுடையவை. ஆண்டுதோறும் மலை செல்லும் நம் மாணவர் முப்பது பேர்க்கு, அவரவர் பாதத்தை அளந்து ஒவ்வோர் இணைக் காலணி தைத்துத் தருவது உங்கள் தொழிற்கூடங்களுக்கு ஒருநாள் வேலைகூட ஆகாது. உலகத்தார் அடிக்கெல்லாம் அரணம் செய்து அனுப்பும் இவ்வூர், தன் பிள்ளைகளின் அடியையும் ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.