பயம் மட்டும் போதாதாம்

சிகாகோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் வேலை பார்த்த அம்மா அவர். பல வருடங்களுக்கு முன் கட்ட முடியாமல் விட்ட கிரெடிட் கார்டு கடனை வங்கி விற்றுவிட, வாங்கிய வசூல் நிறுவனம் கடிதம் போட்டிருந்தது. வக்கீலான என் மேஜைமேல் அதை விரித்து வைத்தார். மேலே கொட்டை எழுத்தில் பாதித் தொகை தள்ளுபடி. கீழே, 30 நாளில் கட்டாவிட்டால் கோர்ட் நடவடிக்கை. அந்தக் கடைசி வரியை விரல்வைத்துத் திரும்பத் திரும்பப் படித்ததில் தாள் அங்கே நைந்து போயிருந்தது.

இல்லினாயில் கார்டு கடனுக்குப் பொதுவாக 5 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இவர் கடனுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கெடு முடிந்த கடனுக்கு வழக்குப் போடுவோம் என்று மிரட்டுவது, 1977இல் வந்த ஃபெடரல் கடன் வசூல் நடைமுறைச் சட்டத்தை மீறுவதாகும். இதைவிட மோசம், பயந்துபோய்ப் பத்து டாலர் கட்டினாலும் செத்த கடனுக்கு உயிர் வந்து, கெடு முதலிலிருந்து ஓடத் தொடங்கலாம். நல்லவேளை, அந்த அம்மா கட்டவில்லை. தூக்கத்தைத்தான் இழந்திருந்தார்.

அந்தக் கடன் வசூல் சட்டப்படி ஃபெடரல் கோர்ட்டுக்கும் போகலாம், மாநிலக் கோர்ட்டுக்கும் போகலாம். மீறல் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 2022இல் குக் கவுண்டி மாநிலக் கோர்ட்டில் மனுப் போட்டேன். எதிர்த்தரப்பு உடனே வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. போன கையோடு, "இவருக்கு இங்கே வழக்காடத் தகுதியே இல்லை, தள்ளுபடி செய்யுங்கள்" என்றது.

அந்த வாதத்துக்கு ஆதாரம் இருந்தது. சட்டத்தை மீறினார்கள் என்பது மட்டும் போதாது, உண்மையான பாதிப்பும் வேண்டும் என்று 2021இல் டிரான்ஸ்யூனியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கெடு முடிந்த கடன் பற்றிய கடிதம் தொடர்பான ஒரு வழக்கில், குழப்பமும் மனக்கவலையும் பாதிப்பாகாது என்று ஏழாவது சர்க்யூட் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் ஜூரி தீர்ப்பையே ரத்து செய்தது. பணம் கட்டி ஏமாந்தவருக்குக் கதவு திறக்கும். கட்டாமல் தாக்குப்பிடித்தவருக்குத் திறக்காது. இதை விளக்கியபோது அந்த அம்மா கேட்டார்: "அப்போ நான் ஏமாறாததுதான் தப்பா?" எத்தனை தீர்ப்பு படித்தும் அதற்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை.

ஆனால் வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் எதிர்த்தரப்பினர். ஃபெடரல் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று காட்ட வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதே. காட்ட முடியாவிட்டால் வழக்கைத் தள்ளக் கூடாது, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இதே சர்க்யூட் 2018இலேயே இப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. அதை மட்டும்தான் வாதாடினேன். நீதிபதி ஒரு பக்க உத்தரவில் வழக்கைக் குக் கவுண்டிக்கு அனுப்பிவிட்டார். ஃபெடரல் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தும் அந்தத் தகுதி விதி மாநிலக் கோர்ட்டை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அதனால் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது.

நஷ்டத்தை நிரூபிக்காமலே சட்டம் தரும் இழப்பீட்டின் உச்சவரம்பு 1,000 டாலர். 1977இல் வைத்த அதே தொகை, இன்றுவரை ஒரு டாலர் கூடவில்லை. அது கிடைத்தது, வக்கீல் செலவையும் அவர்களே கட்டினார்கள். அந்த அம்மா தொகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. கடனை ரத்து செய்கிறோம், வேறு எவருக்கும் விற்க மாட்டோம் என்ற பத்தியைப் படித்துவிட்டு, அதற்கு மட்டும் தனியாக ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.