புதுப்பேட்டையில் ஒரு கியர் பாக்ஸ்

ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பர் இருக்கும், சேசிஸ் நம்பர் இருக்கும். கியர் பாக்ஸ் பற்றி ஒரு வரி இருக்காது. ஒரு வண்டியின் பாக்ஸைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடயமே கிடையாது. பழைய கார் வாங்குகிறவர் அந்த விஷயத்தில் நம்ப வேண்டியது மேஸ்திரிகளின் கண்ணையும் காதையும்தான்.

நண்பர் வாங்க நினைத்தது 1983ஆம் வருடத்து அம்பாசடர், மார்க் 4. ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் லிவர். தரையில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது என்பதால் முன் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். "கை படாத வண்டி சார், எல்லாம் கம்பெனியில வந்தது" என்றார் விற்பவர். சென்னை ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, கதவுகளும் பம்பர்களும் ஆளுயரத்துக்கு அடுக்கிய புதுப்பேட்டைக் கடைகளைத் தாண்டி பட்டறைக்குப் போனோம். மேஸ்திரியை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். கியர் பாக்ஸ் தவிர வேறு வேலை தொடுவதில்லை.

முதலில் ஓட்டிப் பார்த்தார். ஃபர்ஸ்ட் கியரில் வண்டி ஊளையிட்டது. நண்பர் முகம் சுருங்கியது. "இது வரணும் தம்பி. பழைய நாலு கியர் பாக்ஸ்ல ஃபர்ஸ்ட்டு நேர்ப்பல்லு. சத்தம் இல்லேன்னாதான் யோசிக்கணும்" என்றார் பாய். மூன்றாவதில் வேறொரு கரகரப்பு. டாப்புக்கு மாற்றியதும் அது அடங்கியது. டாப் கியரில் இன்ஜினின் சுழற்சி பல்சக்கரங்கள் வழியே சுற்றிப் போகாமல் நேரே பின்னால் போகிறது. கீழே இருக்கும் லே ஷாஃப்ட்டுக்குச் சுமை இல்லை. ஆகவே தேய்ந்திருப்பது லே ஷாஃப்ட் பேரிங். பாக்ஸைத் திறக்காமல், ஒரு தெரு சுற்றி வருவதற்குள் இதைச் சொல்லிவிட்டார்.

பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். துணியோடு வந்த பையனை அதட்டினார்: "துடைக்காதடா!" அந்த அழுக்குதான் சாட்சி. இன்ஜின் அடியில் பல வருடத்து எண்ணெயும் மண்ணும் இறுகிக் கிடந்தன. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கைத் தாண்டியதும் அழுக்கு சட்டென்று மெலிந்தது. பாக்ஸ் மூடியின் விளிம்பில் பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிகான் பிதுங்கியிருந்தது. அந்தக் காலத்துக் கம்பெனியில் அதைத் தடவியிருக்க மாட்டார்கள்.

அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டில் அரை இஞ்ச் ஸ்பேனரை வைத்தார். நுழையவில்லை. பதிமூன்றாம் நம்பர் கச்சிதமாக உட்கார்ந்தது. அம்பாசடரின் பூர்விகம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அந்தக் கால வண்டியில் எல்லாமே இஞ்ச் அளவு. மில்லிமீட்டர் போல்ட் அங்கே வந்ததென்றால் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். டார்ச்சை மேலே திருப்பினார். தரைத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டு, வெல்டிங் வைத்து மேலே தார் பூசியிருந்தது.

கதை விளங்கிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கு இசுசு இன்ஜினும் தரையில் லிவர் வைத்த ஐந்து கியர் பாக்ஸும் வந்தபோது, பழைய வண்டிக்காரர்கள் பலர் அவற்றை வாங்கி மாட்டினார்கள். இந்த வண்டிக்கும் தரையைத் துளைத்து ஐந்து கியர் போட்டிருக்கிறார்கள். பழைய வண்டி சேகரிப்பவர்களிடம் நல்ல விலை கிடைக்கும் என்றானபின், எங்கிருந்தோ ஒரு நாலு கியர் பாக்ஸைத் தேடி மாட்டி, துளையை அடைத்துவிட்டார்கள். பாக்ஸ் சரியான ரகம். ஆனால் இந்த வண்டியோடு பிறந்தது இல்லை.

மாற்றியதை நான் குற்றமாக நினைக்கவில்லை. வண்டியை வைத்துப் பிழைத்தவர்கள் தேவைக்கு மாற்றினார்கள், அதில் நியாயம் இருக்கிறது. தார் பூசி மறைத்ததுதான் தவறு. இன்னொன்றும் உறுத்துகிறது: வண்டியின் அடியைக்கூடக் குனிந்து பார்க்காத புரோக்கருக்கு விலையில் இரண்டு சதவீதம்; முதுகு மண்ணில் பட உண்மையைக் கண்டெடுத்தவருக்கு ஐநூறு ரூபாய். அதையும் நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்.

விற்பவர் மறுக்கவில்லை, விலையைக் குறைத்தார். நண்பர் அட்வான்ஸ் கொடுத்தார். கிளம்பும்போது பாய் சொன்னார்: "ஒட்டுப் போட்ட தகட்டைப் பிரிச்சு ஒழுங்கா வெல்டிங் வைங்க, மழைத்தண்ணி ஏறும். பேரிங் மட்டும் இங்க கழட்டினது வாங்காதீங்க. ஜி.பி. ரோட்டுல புதுசு வாங்கிட்டு வாங்க, நான் போட்டுத் தரேன்."