திரை போனால் தறி நிற்குமா?

கம்ப்யூட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் ஆல் இன் ஒன்னைக் காட்டி ஒரு வசனம் சொல்வார். "ஒயரே கிடையாது சார், எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு." பொய் இல்லை. மானிட்டரின் முதுகிலேயே மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், ஸ்பீக்கர் எல்லாம் ஒட்டிக்கொண்டு இருக்கும். மேசையில் இடம் மிச்சம். ஆனால் கூட்டுக் குடும்பம் மாதிரிதான், ஒருவர் படுத்தால் வீடே படுத்துவிடும் :-) சாதாரண டெஸ்க்டாப்பில் மானிட்டர் போனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிவிடலாம். இதில் மானிட்டர்தான் கம்ப்யூட்டரே.

எங்கள் ஊர் தெள்ளார். வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது. சரித்திரப் புத்தகத்தில் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று ஒரு பல்லவ ராஜா வருவாரே, அவர் ஜெயித்த தெள்ளாறு இதுதான். அதற்குப் பிறகு பெரிதாக யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. என் மாமா ஆரணிப் பட்டுக்கு டிசைன் போடுகிறவர். முன்பு கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்புவார். இப்போது அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறார். போன ஆடி மாதம் அந்த ஆல் இன் ஒன்னின் திரை திடீரென்று கறுத்துப் போனது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது, விண்டோஸ் துவங்கும் ஓசையும் வருகிறது, படம் மட்டும் இல்லை.

ஆடியில் கல்யாணம் இல்லைதான். ஆனால் ஆவணி முகூர்த்தத்துப் புடவைகள் ஆடியில்தான் தறியில் ஓடும். ஒரு மயில் முந்தி டிசைன் பாதியில் நின்றது. அது முடிந்தால்தான் அட்டை அடிக்க முடியும், அட்டை வந்தால்தான் தறி ஓடும். நெசவாளிக்குப் புடவைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தறி சும்மா நின்றால் அந்த வீட்டுக்கு வரவு இல்லை. அதனால் மாமாவுக்குத் திரையைவிட அந்த நெசவாளியின் போன்தான் பயமாக இருந்தது.

அட்டை தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு இழை மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. முந்தியில் 600 ஊடை என்றால் 600 அட்டை. 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு செய்த ஏற்பாடு இது. சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித்தின் இயந்திரமும் ஓட்டை போட்ட அட்டையைத்தான் படித்தது. ஆக, கம்ப்யூட்டருக்குத் தறி ஒருவகையில் பாட்டி முறை. பேரன் படுத்ததால் பாட்டி நின்றுபோனாள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். சர்வீஸ் சென்டரில் (பெயர் வேண்டாம்) பார்த்துவிட்டு, பேனலையே மாற்ற வேண்டும், பத்தாயிரத்துக்கு மேல் ஆகும், வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். "இன்னாடா மாப்ளே பண்றது?" என்றார் மாமா.

முதலில் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பார்த்தோம். மங்கலாக, பேய் மாதிரி, ஐகான்கள் தெரிந்தன! இப்படித் தெரிந்தால் படம் உருவாகிறது, பின்விளக்குதான் எரியவில்லை என்று அர்த்தம். எதுவுமே தெரியாவிட்டால் பேனலோ அதற்குப் போகும் கேபிளோ போயிருக்கலாம். மாமா டார்ச்சை வாங்கி அந்த மயில் ஃபைலின் பெயரைத் தேடிப் படித்த பிறகுதான் டீ குடித்தார்.

அடுத்தது பின்பக்கத் துளைகள். எச்டிஎம்ஐ இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஆல் இன் ஒன்களில் 'இன்', 'அவுட்' என்று இரண்டு வகை உண்டு. 'இன்' என்பது வீடியோ கேம் பெட்டியையோ செட் டாப் பாக்ஸையோ இந்தத் திரையில் காட்டுவதற்கு. அதில் வெளி மானிட்டரை மாட்டினால் ஜென்மத்துக்கும் படம் வராது. சில மாடல்களில் 'இன்' மட்டும்தான் இருக்கும். (2009-லிருந்து 2014 வரை வந்த சில ஐமேக்குகளை வேறொரு கம்ப்யூட்டருக்கு மானிட்டராகவே பயன்படுத்தலாம். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.) நல்லவேளை, மாமாவுடையதில் 'அவுட்' இருந்தது.

வந்தவாசியில் பழைய 19 இன்ச் மானிட்டர் ஒன்று 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் விஜிஏ மட்டும்தான். எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக், அதனால் வெறும் கேபிள் போதாது. உள்ளே சிப் இருக்கிற கன்வெர்ட்டர் வேண்டும். அது ஒரு 300 ரூபாய்.

மாட்டியதும் படம் வந்தது, ஆனால் வால்பேப்பர் மட்டும். ஐகான் ஒன்றுகூட இல்லை. மாமா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். விஷயம் என்னவென்றால், விண்டோஸ் புது மானிட்டரை 'நீட்டிப்பு' என்று வைத்துக்கொண்டது. ஐகான்கள் இன்னும் அந்தக் கறுப்புத் திரையில்தான் உட்கார்ந்திருந்தன. விண்டோஸ் பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். கடைசியாக இருக்கும் 'இரண்டாவது திரை மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலும் கறுப்புத் திரையிலேயே வந்ததால் மறுபடி டார்ச். மாமா டார்ச் அடிக்க, நான் அம்புக்குறியை அழுத்தி என்டர் தட்டினேன். வந்தது மயில்.

பழைய மானிட்டரில் நிறம் வெளுத்துத்தான் தெரிகிறது. போட்டோ வேலை செய்கிறவர்களுக்கு இது ஆகாது. ஜக்கார்டு டிசைனுக்குப் பரவாயில்லை, இங்கே ஒரு புள்ளி என்பது இழை எழுமா எழாதா என்பது மட்டும்தான். நிறத்தைப் பட்டு நூல் பார்த்துக்கொள்ளும். ஆனால் மானிட்டரின் சொந்த ரெசல்யூஷனை வைக்காவிட்டால் படம் இழுபட்டு மயில் வாத்து ஆகிவிடும், அதைச் சரிசெய்தோம். சத்தமும் காணாமல் போயிருந்தது. எச்டிஎம்ஐ வழியாக ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய ஸ்பீக்கருக்கே திருப்பி விட்டோம்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. ஆன் செய்ததும் வரும் கம்பெனி லோகோ, விண்டோஸ் பழுதுபார்க்கும் திரை, இதெல்லாம் பழைய திரைக்கே போகின்றன. உள் பேனலின் கேபிளைக் கழற்றினால் பல மாடல்களில் இவையும் வெளி மானிட்டருக்கு வந்துவிடும். ஆனால் மாமா அதைத் திறக்க விடமாட்டேன் என்கிறார். டிசைன்களை எல்லாம் பென் டிரைவில் ஏற்றிய அன்றுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் ரிப்பேர் விவரம், உதிரிபாக விவரம் எல்லாவற்றையும் அதில் தரவேண்டும் என்பது எண்ணம். பின்விளக்கு மட்டும் போனதற்கு முழு பேனலை மாற்றச் சொல்கிற ஆட்களிடம் அதைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

அட்டை அடித்து ஆரணிக்குப் போய்விட்டது. கறுப்புத் திரையை மானிட்டருக்குப் பின்னால் சுவர் மாதிரி நிறுத்தி, அதன் மேல் மாமா தன் பழைய கிராப் தாள் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார்.