ஸ்பீக்கருக்கு ஒரு சட்டை

ஸ்பீக்கர் வாங்கினதும் முதல் வேலையா முன்னாடி இருக்கிற துணிச் சட்டத்தைக் கழட்டி பரண்ல போடுற கூட்டம் ஒண்ணு இருக்கு. கிரில் போட்டா சத்தம் அமுங்கிடும்னு ஒரு நம்பிக்கை. இன்னொரு கூட்டம் எங்க அம்மா மாதிரி. ரேடியோ, டிவி, மிக்ஸி, எதுவா இருந்தாலும் துணி போட்டு மூடியாகணும். இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நானே கிரில் செஞ்ச கதைதான் இது. நடுவுல கொஞ்சம் பௌதிகம் வரும், பயந்து ஓடிராதீங்க மக்களே.

நமக்குத் திருவனந்தபுரத்துல பொட்டி தட்டுற பொழப்பு. வெள்ளிக்கிழமை ராத்திரியானா நாகர்கோவில் பஸ். வீடு மணவாளக்குறிச்சி பக்கம். ஸ்பீக்கர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. சத்தம் அருமை, ஆனா கிரில் கிடையாது. எங்க வீட்டுல கிரில் இல்லாத ஸ்பீக்கருக்கு எதிரிங்க நாலு பேர். ஒண்ணு கடலோர உப்புக்காத்து. ரெண்டு ஈரம். குமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் உண்டு, துணியே காயாது. மூணு குளவி. நாலாவது அக்கா மகன், வயசு ரெண்டரை. ஊஃபர் நடுவுல இருக்கிற குமிழைப் பார்த்தா அவனுக்கு விரலால அமுக்கணும். ஒரு தடவை அமுக்கியாச்சு. ஒட்டுற டேப்பை வச்சு இழுத்துத்தான் பழைய நிலைக்குக் கொண்டு வந்தேன்.

சரி, கிரில் போட்டா சத்தம் கெடுமா? கெடலாம். ஆனா பெரும்பாலும் குற்றவாளி துணி இல்ல, சட்டம்.

சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகுது. 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் மூணரை மீட்டர். அதுக்கு உங்க சட்டம் ஒரு பொருட்டே இல்ல, தாண்டிப் போயிடும். 10,000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் மூணரை சென்டிமீட்டர்தான். ட்வீட்டர்ல இருந்து பக்கவாட்டுல போற அந்தச் சின்ன அலை சட்டத்தோட உள்விளிம்புல முட்டி, கொஞ்சம் தாமதமா திரும்பக் கிளம்பும். நேரா வர்ற சத்தத்தோட சேரும்போது சில சுருதியில கூடும், சில சுருதியில குறையும். சட்டம் தடிமனா இருந்து, நாலு பக்கமும் ட்வீட்டர்ல இருந்து ஒரே தூரத்துல இருந்தா பாதிப்பு இன்னும் அதிகம்.

இதை முதல்லயே கணக்குல வச்சு செஞ்ச ஸ்பீக்கரும் உண்டு. 1970கள்ல பிபிசி தன்னோட வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைச்ச எல்எஸ்3/5ஏ. சின்னப் பொட்டிதான். ட்வீட்டரைச் சுத்தி கம்பளிப் பட்டை ஒட்டியிருப்பாங்க, மேல டைகன்னு ஒரு துணி போட்ட கிரில். அதைக் கிரிலோட சேர்த்துத்தான் கேக்கணும். நேர்மாறான கதை, 1970ல வந்த ஜேபிஎல் எல்100. சதுரம் சதுரமா நுரைப்பஞ்சு கிரில், பார்க்க அவ்வளவு அழகு. வருஷம் போகப் போக அந்த நுரை பொடிப் பொடியா உதிர்ந்திடும். அதனால ஈரம் நிறைஞ்ச நம்ம ஊருக்கு நுரைப்பஞ்சு வேண்டவே வேண்டாம்.

அளவை எடுத்துக்கிட்டு ஊர் ஆசாரிகிட்ட போனேன்.

"கிரிலுக்கு வெல்டிங்காரன்லா வேணும் மக்ளே?"

"ஜன்னல் கிரில் இல்ல மாமா. ஸ்பீக்கருக்கு."

படத்தைப் பார்த்தார். "ஓ, கொசுவலை அடிக்க சட்டமாக்கும். அப்படிச் சொல்லு."

கிட்டத்தட்ட அதேதான். செஞ்ச விதம் இது:

மரம்: 12 மி.மீ. மரைன் பிளைவுட். எம்டிஎஃப் விலை குறைவுதான், ஆனா ஈரம் பட்டா ஓரம் ஊதிடும். சட்டத்தோட உள்விளிம்பை 45 டிகிரி சாய்வா இழைக்கச் சொன்னேன். அலை முட்டுறதுக்குச் செங்குத்துச் சுவர் இருக்கக்கூடாது, அதான் விஷயம். ஊஃபர் முன்னாடி வந்து போற தூரத்துக்கும் துணிக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும், இல்லேன்னா பேஸ் வரும்போது தடதடக்கும். கடைசியா கறுப்பு பெயிண்ட், இல்லேன்னா துணி வழியா மரம் தெரியும்.

துணி: கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லன்னு வாயை வச்சு ஊதிப் பாருங்க. மூச்சு தடையில்லாம அந்தப்பக்கம் போகணும். சோதனைக்காக அம்மாவோட பழைய நேரியலையும் மாட்டிப் பார்த்தேன். மெல்லிசுதான், ஆனா நெருக்கமான நெசவு. மைக் வச்சு அளந்தா 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல சுமார் 2 டெசிபல் குறைஞ்சது. கண் கண்ணா இருக்கிற பாலியெஸ்டர் துணியில அரை டெசிபல் கூட இல்ல. பாலியெஸ்டர் ஈரத்தை அதிகம் இழுக்காது, அதனால மழைக்காலத்துல தொய்வும் வராது. அடிக்கும்போது முதல்ல நாலு பக்கமும் நடுவுல ஒவ்வொரு பின், அப்புறம் நடுவுல இருந்து மூலையை நோக்கிப் போகணும். பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கட்டும்.

மாட்டுறது: ஸ்பீக்கர் பொட்டியில ஓட்டை போட மனசு வரல. ஊஃபரைப் பிடிச்சிருக்கிற திருகாணி எல்லாம் இரும்புன்னு கவனிச்சேன். அதுக்கு நேரா சட்டத்துக்குள்ள குறுக்குக்கட்டை கொடுத்து, சின்னச் சின்ன நியோடிமியம் காந்தம் பதிச்சு அரால்டைட் போட்டேன். கிட்ட கொண்டு போனா 'டக்'. இழுத்தா கையோட வரும். (உங்க ஸ்பீக்கர்ல ஸ்டெயின்லெஸ் திருகாணி இருந்தா காந்தம் சரியா ஒட்டாது, முதல்ல சோதிச்சுக்கோங்க.)

இனி சொல்லப்போறதுக்குத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

எங்க அப்பா 25 வருஷத்துக்கு மேல மைக் செட் போட்டவர். சுத்துவட்டாரத்துல எந்த ஊர்ல கோயில் கொடைன்னாலும் குழாய் ஸ்பீக்கரை மரத்து மேல கட்டி, ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு முடியுற வரை ஆம்ப் பக்கத்துலயே இருப்பார். கிரில் முடிஞ்ச அன்னிக்கு அவரைத்தான் நடுவராப் போட்டேன். காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம். கண்ணை மூடச் சொல்லி, மாட்டியும் கழட்டியும் காட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணாக்கும் மக்ளே. நல்ல வேலை."

எனக்கு ஒரே பெருமை. விளையாட்டா, குற்றாலத் துண்டை நாலா மடிச்சு ட்வீட்டர் மேல தொங்கவிட்டேன். அடுக்களையில இருந்து அம்மா, "என்னடே, பாட்டு அமுங்கிப் போச்சு?"ன்னு கேட்டாங்க. அப்பா கண்ணைத் திறக்கல. தாளம் போட்டுக்கிட்டே, "இதும் அப்படித்தான் இருக்கு"ன்னார்.

துண்டை எடுத்துட்டு, 1,000 ஹெர்ட்ஸ்ல இருந்து மெதுவா மேல போற ஒரு சோதனை ஒலியைப் போட்டேன். 6,000 வந்தப்போ அக்கா மகன் காதைப் பொத்திக்கிட்டு ஓடினான். அப்பா என்னைப் பார்த்து, "ஏன் நிறுத்திட்ட?"ன்னார்.

நான் நிறுத்தல.

வீட்டு ஸ்பீக்கர் வச்சு காதைச் சோதிக்க முடியாது, சந்தேகப்படத்தான் முடியும். அடுத்த வாரம் நாகர்கோவில்ல காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆடியோகிராம்ல கோடு 3,000 வரைக்கும் சுமாராப் போயி அப்புறம் பள்ளத்துல விழுந்திருந்தது. பெருஞ்சத்தத்துல வருஷக்கணக்கா இருந்தவங்களுக்கு முதல்ல அடிபடுறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தானாம். உள்காதுல இருக்கிற அந்த மயிரணுக்கள் செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. ச, ஸ, ஷ மாதிரி எழுத்தோட கூர்மை எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. அதனாலதான் 'கேக்கு, ஆனா என்ன சொல்லுதேன்னு வெளங்கல்ல'ன்னு அவர் அடிக்கடி சொல்றது. நாங்க அதை வயசு, கவனமின்மை, சில சமயம் வீம்புன்னு கூட நினைச்சிருக்கோம்.

இப்போ காதுல மெஷின் இருக்கு. அதோட முனையில குறும்பி அடைக்காம இருக்க கடுகளவு வலை ஒண்ணு, கழட்டி மாத்துற மாதிரி. முதல் நாள் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துட்டு அப்பா சொன்னார்: "இதுக்கும் கிரிலு உண்டு, கேட்டியா!"

உங்க வீட்டுலயும் யாராவது 'கேக்குது, புரியல'ன்னு சொன்னா, சத்தமாப் பேசிச் சமாளிக்காம ஒரு ஆடியோகிராம் எடுத்துடுங்க. மைக் செட் போடுற தம்பிமார் யாராவது தெரிஞ்சா காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்க, விலை ரொம்பக் குறைவு.

பி.கு: பின்பக்கம் ஓட்டை வச்ச ஸ்பீக்கர்னா, முன்னாடி எவ்வளவு நல்ல கிரில் போட்டாலும் குளவி பின்வாசல் வழியா வந்து மண்கூடு கட்டும். அதுக்கும் காத்து போற மாதிரி ஒரு நைலான் வலை போட்டுருங்க.